முதுகில் பட்ட கோல்

மணக்காடு, திருவனந்தபுரம்
15.11.1999

அண்ணனுக்கு சுஜா எழுதுவது.

இங்கே அம்மாவுக்கும் எனக்கும் சுகம். நம் டீமுக்குத்தான் சுகமில்லை. நேற்று ஜெயித்துவிட்டார்கள்.

சிரிக்காதே, உள்ளதைத்தான் எழுதுகிறேன். அனந்தபுரி ரோவர்ஸ் ஒன்று–பூஜ்யம் என்று பேப்பரில் படித்திருப்பாய். படித்துவிட்டு மஸ்கட்டில் ரூமில் இருக்கிற எல்லாருக்கும் சாயா வாங்கிக் கொடுத்திருப்பாய். அந்தச் சாயா தண்டம். 'ஒரு மேட்ச் விடாம பாத்து எழுதணும் பிள்ளே' என்று ஏர்போர்ட்டில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனாய், அதனால் எழுதுகிறேன். இல்லையென்றால் நேற்றுக் கண்ட கண்றாவியை எழுதப் பேனா எடுக்கவே கூசுகிறது.

நம்முடைய பழைய இடத்தில்தான் உட்கார்ந்தேன். கோல்போஸ்டுக்குப் பின்னால், கம்பிவேலியை ஒட்டின முன்வரிசை. ஒரு பக்கம் கடலை விற்கிற தாசம்மாக்கா, கூடையோடு. மறுபக்கம் கோட்டைக்குள்ளேயிருந்து வருகிற வெங்கடசுப்ரமணியன் சார், குடையோடு. அந்த கேலரியில் பெண்பிள்ளைகள் என்று நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா கடலைக்காக வருகிறவள், நான் பந்துக்காக வருகிறவள். மைதானத்துக்கு அந்தப் பக்கம் கேபிள் டி.வி.க்காரன் வேறு மேடை போட்டு கேமரா வைத்திருந்தான். இதைப் படம் பிடித்து யாருக்குக் காட்டப்போகிறானோ.

வந்தது ஆலப்புழைப் பக்கத்து டீம். பாதிப்பேர் காலேஜ் முடிக்காத பையன்கள், பூட்ஸ்கூட ஆளுக்கொரு நிறம். இவர்களை நாலு கோல் போட்டு அனுப்ப வேண்டாமா? நம் அட்டாக்கைச் சொல்கிறேன், கேள். வலது பக்கம் விழிஞ்ஞத்துக்கார பிரஜின். கடற்கரை மணலில் ஓடிப் பழகின கால், ஓடி ஓடிப் பந்தைக் கொண்டுவருகிறான். நடுவில் ஒன்பதாம் நம்பர் விஜயகுமார். கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி நிற்கிறான். பந்து காலடிக்கு வந்தால் சரி. கொஞ்சம் தள்ளி வந்தால் இரண்டு கையையும் விரித்துப் பிரஜினைத் திட்டுகிறான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கிடைத்த பந்தையாவது அடுத்தவனுக்குக் கொடுப்பானா? இடது பக்கம் ஒருத்தன் ஆளே இல்லாத இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், இவன் தலையைக் குனிந்துகொண்டு நேரே ஆகாசத்துக்கு அடிக்கிறான்.

சாருக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டீ கொழந்தே, இவன் பந்தை யாருக்குமே குடுக்கமாட்டானா? ஆத்துக்கு எடுத்துண்டு போகப்போறானா?" என்று என்னிடம் கேட்டார்.

இனி அந்தக் கோலைப் பற்றி. பேப்பரில் 'விஜயகுமாரின் அற்புத கோல்' என்று போட்டிருக்கிறான். த்தூ. பிரஜின் மூன்று பேரைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்தான். விஜயகுமார் பந்தைக் கேட்டான், அவன் முன்னால் இரண்டு பேர் நின்றதால் பிரஜின் கொடுக்கவில்லை, தானே அடித்தான். கோலி அதைத் தடுத்து அப்படியே வந்து பிரஜின் முழங்காலில் விழுந்தான். நம் ஆள் என்ன செய்தான் தெரியுமா? பந்து தரவில்லை என்று கோபித்துக்கொண்டு கோலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ரெஃபரியிடமோ கடவுளிடமோ கையை விரித்துக்கொண்டிருந்தான். கோலியின் கையில் பட்ட பந்தை அவர்கள் டிஃபென்ஸ்காரன் ஒருத்தன் அவசரத்தில் உதைத்தான். அது நேரே வந்து இவன் முதுகில் பட்டு, திரும்பி உள்ளே போய்விட்டது. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்களே, இங்கே காக்கா பனைமரத்தைப் பார்க்கக்கூட இல்லை.

அதைக்கூட மன்னிக்கலாம் அண்ணா. அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்குக் குமட்டுகிறது. பிரஜின் காலைப் பிடித்துக்கொண்டு புரளுகிறான். இவன் அவனைத் தாண்டி ஓடினான். சுற்றிப் போகவில்லை, காலைத் தூக்கி வைத்துத் தாண்டினான். மூலையிலிருக்கிற கொடிக்கம்பத்துக்கு ஓடி, பனியனை முத்தமிட்டு, எங்களைப் பார்த்துக் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு நின்றான். கேலரி முழுக்கக் குதித்தது. தாசம்மாக்கா குதித்த குதியில் கடலைக் கூடையே கவிழ்ந்துபோனது.

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. பிரஜினைத் தூக்கிக்கொண்டு போன பிறகு நம் அட்டாக்கும் கூடவே போய்விட்டது. முடிந்ததும் சார் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஜெயிச்சுட்டாளாம். ஆத்துக்குப் போனதும் மொதல்ல கையக் கால அலம்பணும்" என்றார்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். தொண்டையைப் பார்த்துக்கொள்.

சுஜா

*

ரூவி, மஸ்கட்
26.11.1999

அன்புத் தங்கை சுஜாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை லீவில் இரண்டு தடவை படித்தேன். நன்றாகத்தான் எழுதுகிறாய், ஆனால் உனக்கு வாய் நீளம். ஜெயிச்ச மேட்சைக் கருமாதி வீட்டுக்குப் போய்வந்தவள் மாதிரி எழுதுகிறாய். பந்து கோட்டைத் தாண்டிச்சா, தாண்டிச்சு. ரெஃபரி விசில் அடிச்சானா, அடிச்சான். முதுகில் பட்டதா மூக்கில் பட்டதா என்று லீக் டேபிளில் எழுதமாட்டார்கள்.

சென்டர் ஃபார்வர்ட் என்றால் கொஞ்சம் சுயநலம் வேண்டும் பிள்ளே. எல்லாரும் எல்லாருக்கும் பாஸ் கொடுத்துக்கொண்டே இருந்தால் கோல் யார் அடிப்பது? இந்த லீக்கில் நம் டீமில் அதிகக் கோல் அடித்தவன் அந்த விஜயகுமார்தான். அவன் படத்தோடு வந்த கோல் கணக்கைப் பேப்பரிலிருந்து வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். நீ சொல்கிற பிரஜின் பெயர் அதில் எங்கே இருக்கிறது?

இதை நான் சும்மா எழுதவில்லை. ஒரு நல்ல விஷயம் உண்டு. எங்கள் ஃபோர்மேன் தங்கப்பன் அண்ணாச்சியை உனக்குத் தெரியும். எனக்கு விசா எடுத்துக் கொடுத்தவர், வந்த உடனே வெயிலில் நிறுத்தாமல் ஸ்டோரில் ஏ.சி.க்குள் உட்காரவைத்தவர். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும். இந்த விஜயகுமார் அவருடைய சொந்த அக்கா மகன். நெய்யாற்றின்கரையில் வீடு, நம்ம ஆட்கள்தான், வீட்டில் தமிழ்தான் பேச்சு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சர்க்கார் வேலைக்கு உத்தரவு வரப்போகிறது. அண்ணாச்சியே வாயைத் திறந்து, 'தாணு, உன் தங்கச்சிக்கு நம்ம பயலப் பாக்கலாமா?' என்று கேட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா இறந்த பிறகு உனக்கு நல்ல இடம் பார்க்க வேண்டும் என்ற கவலைதான் எனக்கு. அது இப்படித் தானாக வந்து வாசலில் நிற்கிறது. அதுவும் நம் டீமின் ஒன்பதாம் நம்பர்! சரி அண்ணாச்சி என்று சொல்லிவிட்டேன். மார்கழி பிறப்பதற்கு முன்னால் அவர்கள் பெண் பார்க்க வருவார்கள். அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

வருகிற அன்றைக்கு வாயைக் கொஞ்சம் பூட்டி வை.

அன்புடன்,
தாணுலிங்கம்

*

மணக்காடு, திருவனந்தபுரம்
13.12.1999

அண்ணனுக்கு,

வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். அம்மா உனக்கு என்ன எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். நான் கண்டதை நான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் முன்னாலேயே முடிவு கட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மைதானத்தில் ஒரு மாதிரி இருப்பவன் வீட்டில் வேறு மாதிரி இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா எடுத்துத் தந்த பச்சைச் சேலையைத்தான் கட்டினேன், பூ வைத்தேன். ஆள் பார்க்கக் குறைசொல்ல முடியாது, நல்ல உயரம்.

அம்மா நேந்திரம்பழத்தில் பழம்பொரி போட்டிருந்தாள். நடுவில் தட்டை வைத்தேன். அவன் ஒன்று எடுத்தான், அடுத்ததை எடுத்தான், பிறகு தட்டையே எடுத்துத் தன் மடிப்பக்கம் வைத்துக்கொண்டான். அவன் அம்மா கையை நீட்டினாள், ஒன்றும் இல்லாமல் திரும்ப மடக்கிக்கொண்டாள். பாவம், பழகிப்போயிருக்கும். எனக்கு சார் சொன்னதுதான் ஞாபகம் வந்தது, சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் போய் ஒரு தம்ளர் வெள்ளம் குடித்துவிட்டு வந்தேன்.

அப்புறம் அவன் அம்மா, "என்னவாவது கேக்கணும்னா கேளு மக்களே, இந்தக் காலத்துல வெக்கப்பட என்ன இருக்கு" என்றாள். நான் வாயைப் பூட்டித்தான் வைத்திருந்தேன். அவர்களே சாவியைக் கொடுத்தார்கள். "அந்த ஆலப்புழை மேட்சுல கோல் எப்படிப் போட்டிய?" என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலி நுனிக்கு வந்து, கையை வைத்துக் காட்டினான். "பிரஜின்னு ஒரு பய, பந்த வச்சு வெறுதே உருட்டிட்டு நின்னான். நான் அவங்கிட்டேருந்து பிடுங்கினேன், கேட்டியா. ரெண்டு பேர வெட்டிச்சு முன்னால போனேன். இடது காலு வச்சு அப்படியே வளைச்சு, கோலிக்கு இந்தப் பக்கமா ஒரு அடி. கோலி நின்ன எடத்துல நிக்கான்!"

அண்ணா, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். அன்றைக்கு நேரில் பார்த்தேன். பொய் சொல்கிறவன் கண்ணிலே ஒரு பயம் இருக்கும், இவன் கண்ணில் அதுவும் இல்லை. சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டான். முழங்கால் உடைந்து கிடக்கிற பிரஜின், 'வெறுதே உருட்டினவன்' ஆகிவிட்டான்.

பெண்பிள்ளை எங்கே ஸ்டேடியத்துக்கு வந்திருக்கப் போகிறாள் என்கிற தைரியம் அவனுக்கு. "நான் அந்தக் கோலுக்குப் பின்னாலதான் இருந்தேன், முன்வரிசையில" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. முதுகைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை, அம்மா மேல் சத்தியம்.

அவன் முகம் ஒரு நிமிஷம் செத்துப்போனது. பிறகு சிரித்தான். "கேலரியிலயா? ஆம்பிளைங்க கெட்ட வாக்கு சொல்லுத எடத்துலயா? அதெல்லாம் இப்பவே நிறுத்தியாச்சுன்னா நல்லது. கல்யாணம் கழிஞ்சா வீட்டுல டி.வி. உண்டு" என்றான். அவன் அம்மா தலையை ஆட்டினாள். நம் அம்மாவும் ஆட்டினாள். அதுதான் எனக்கு ஆகவே இல்லை.

எனக்கு இவன் வேண்டாம். கோல் எண்ணிக்கையைப் பார்த்து நீ மாப்பிள்ளை எடுத்திருக்கிறாய். அந்தக் கோல் எல்லாம் எப்படி விழுந்தது என்று பார்த்தவள் நான். கீழே விழுந்து கிடக்கிறவனைத் தாண்டி ஓடுகிறவன் நாளைக்கு என்னையும் தாண்டித்தான் ஓடுவான். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பானா? அவனுடைய கை காதுக்குப் பின்னால்தான் இருக்கும், யாராவது புகழுகிறார்களா என்று கேட்க.

சுயநலம் வேறு, நன்றிகெட்டத்தனம் வேறு. நீ இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே.

சுஜா

*

ரூவி, மஸ்கட்
24.12.1999

சுஜாவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே இங்கே எல்லாம் வந்துவிட்டது. விஜயகுமாரின் அம்மா போன் பண்ணி அழுதாளாம், அண்ணாச்சி என்னை ஸ்டோருக்கு வெளியே கூப்பிட்டு, "என்ன தாணு, உன் தங்கச்சி ரெஃபரியா?" என்று கேட்டார். பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். இந்த நாணக்கேடு எனக்கு வேண்டுமா?

பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையிடம் கோல் எப்படி அடித்தாய் என்று கேட்டவள் ஊரில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். ஆம்பிளைகள் எல்லாருமே தான் அடித்ததை ஒன்றுக்குப் பத்தாகச் சொல்கிறவர்கள்தான். நான்கூடச் சொல்வேன். அதற்காகக் கல்யாணம் வேண்டாம் என்றால் உலகத்தில் ஒரு பெண்ணுக்கும் கல்யாணம் நடக்காது. பழம்பொரியைத் தின்றானாம்! தின்னத்தானே வைத்தீர்கள்?

நீ கடையில் நின்று ஜவுளி கிழிக்கிற பிள்ளை. அம்மாவுக்கு வயதாகிறது. சர்க்கார் வேலைக்காரன், சீர் ஒன்றும் கேட்காமல் வருகிறான். அவன் பாஸ் கொடுக்கவில்லை என்கிறாய். சவம், இது என்ன காரணம்? கேட்கிறவன் காறித் துப்புவான்.

நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். தை கடைசியில் நிச்சயம். அண்ணாச்சி இல்லையென்றால் நான் இங்கே இல்லை, நான் இங்கே இல்லையென்றால் அங்கே அடுப்பு எரியாது. இதை நீ புரிந்துகொள்ள வேண்டாமா?

எல்லாம் உன்னைச் சின்ன வயசிலேயே தோளில் தூக்கிவைத்து ஸ்டேடியத்துக்குக் கொண்டுபோன என்னைச் சொல்ல வேண்டும். இனிமேல் நீ அங்கே போக வேண்டாம். மேட்ச் விவரம் ஒன்றும் எனக்கு எழுதவும் வேண்டாம்.

இங்கே நோன்பு மாதம். வேலை சீக்கிரம் முடிகிறது.

தாணுலிங்கம்

*

மணக்காடு
10.1.2000

அண்ணனுக்கு,

அம்மாவுக்குச் சுகம். எனக்கும் சுகம்.

நேற்று மேட்ச் உண்டு. நீ போக வேண்டாம் என்றாய், நான் போகவில்லை. ஒன்று–பூஜ்யமாம். மற்றது பேப்பரில் பார்த்துக்கொள்.

சுஜா

*

ரூவி, மஸ்கட்
21.1.2000, வெள்ளிக்கிழமை

சுஜாவுக்கு,

உன் கடிதாசி கிடைத்தது. அதைக் கடிதாசி என்று சொல்லலாமா? மருந்துக் கடைச் சீட்டுக்கூட இதைவிட நீளம். நான்தான் எழுத வேண்டாம் என்று சொன்னேன். சொன்னால் உடனே அப்படியே செய்துவிடுவதா? இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதை நீ கேட்டிருக்கிறாய், இதைமட்டும் கேட்க?

உனக்கு ஒன்று தெரியாது. நீ எழுதுகிற மேட்சை நான் தனியாகப் படிப்பதில்லை. வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ரூமில் எல்லாரும் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள், நான் உரக்கப் படிப்பேன். மலையாளிகளுக்கு அங்கங்கே மாற்றிச் சொல்வேன். வெங்கடசுப்ரமணியன் சார் பேசுகிற இடம் வந்தால் திரும்பப் படிக்கச் சொல்வார்கள். ஆலப்புழை மேட்சை மட்டும் பாதிதான் படித்தேன். அண்ணாச்சி முன்னால் உட்கார்ந்திருந்தார், முதுகு வருகிற இடத்தை விழுங்கிவிட்டேன்.

போன வாரம் எல்லாரும் கட்டிலில் ஏறி உட்கார்ந்தார்கள். உன் துண்டுச் சீட்டை எடுத்தேன், படிக்க ஒன்றும் இல்லை. 'தங்கச்சிக்குக் காய்ச்சல்' என்று பொய் சொன்னேன்.

இப்போது நிறுத்துகிறேன். ஊரிலிருந்து வந்த ஒருத்தன் அண்ணாச்சிக்கு வீடியோ கேசட் கொண்டுவந்திருக்கிறான். அதே ஆலப்புழை மேட்ச், கேபிள்காரன் எடுத்தது. மருமகன் கோலை எல்லாருக்கும் காட்ட வேண்டுமாம், அவர் ரூமுக்குக் கூப்பிடுகிறார். நானும் கண்ணால் பார்த்துவிட்டு மீதியை எழுதுகிறேன். உன் கண்ணுக்குத்தான் கோளாறு என்று நிரூபிக்கிறேன் பார்.

சனிக்கிழமை

பார்த்தேன்.

அண்ணாச்சி முன்வரிசையில் நாற்காலி போட்டு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். மாப்பிள்ளையின் மச்சான் அல்லவா. ஓடவிட்டு ஓடவிட்டுக் கோலுக்குக் கொண்டுவந்தார். "பாருல மக்கா, எம் மருமவன் அடிக்கித அடிய!" என்று தொடையைத் தட்டினார். பிரஜின் மூன்று பேரைத் தாண்டினான். கோலி விழுந்தான். பந்து போய் முதுகில் பட்டது. பின்னாலிருந்து ஒரு கோழிக்கோட்டுக்காரன், "எடா, இவன் பந்தைக் கண்டதுகூட இல்லல்லோ!" என்று சொல்லிச் சிரித்தான்.

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. 'சரியாப் பாருங்கல' என்று திரும்ப ஓடவிட்டார். திரும்பவும் முதுகுதான். தாண்டினதும் நீ சொன்னதுபோலவேதான், காலைத் தூக்கி வைத்து. பிரஜின் வாயைத் திறந்து கத்துவது தெரிகிறது. கொடிக்கம்பம், முத்தம், காதில் கை. இவன் படத்தையா அலமாரியில் ஒட்டி வைத்திருக்கிறேன் என்று தோன்றியது.

ஆனால் நான் அதற்குப் பிறகு அவனைப் பார்க்கவில்லை பிள்ளே. போஸ்டுக்குப் பின்னால் பார்த்தேன். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் கேலரி மொத்தமும் குதிக்கிறது. சார் குடையைத் தூக்குகிறார், பழக்கதோஷம். தாசம்மாக்கா கூடையைத் தள்ளிவிட்டுக் குதிக்கிறாள். முன்வரிசையில் ஒருத்தி மட்டும் தாடையில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மூஞ்சியை அழுகின முட்டையை மோந்து பார்த்தவள் மாதிரி வைத்துக்கொண்டு, கொடிக்கம்பத்தைப் பார்க்காமல், கீழே கிடக்கிற பிரஜினைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இங்கே வந்த பிறகு உன் முகத்தை நேற்றுத்தான் பார்த்தேன். அண்ணாச்சி திரும்பத் திரும்ப ஓடவிட்டார். ஒவ்வொரு தடவையும் எல்லாரும் குதித்தார்கள், ஒரு தடவைகூட நீ எழுந்திருக்கவில்லை.

இன்றைக்குக் காலையில் பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணி அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். நிச்சயம் வேண்டாம். அம்மா அழுதாள், அழட்டும். அண்ணாச்சியிடம் நாளைக்குச் சொல்வேன், நல்ல மனுஷர்தான்.

நீ ஞாயிற்றுக்கிழமை ஸ்டேடியத்துக்குப் போ.

தாணு

*

சைட் கேம்ப், சோஹார் ரோடு
4.2.2000

சுஜாவுக்கு,

அண்ணாச்சியிடம் சொல்லியாயிற்று. ஒன்றும் பிரச்சினை இல்லை. இனிமேல் மேலே போட்டிருக்கிற விலாசத்துக்கு எழுது. சும்மா ஒரு மாற்றம்தான், காரணம் ஒன்றும் இல்லை. ரூவியில் ஒரே புழுக்கம், இங்கே காற்று நன்றாக வருகிறது. ரூமில் எல்லாரும் புது ஆட்கள். இவர்களுக்கும் பந்து பைத்தியம் உண்டு.

அம்மாவிடம் விலாசத்தை மட்டும் கொடு, மற்றதைச் சொல்லாதே. பெரிய கடிதமாக எழுது.

தாணு

*

மணக்காடு, திருவனந்தபுரம்
21.2.2000

அண்ணனுக்கு,

நேற்று மூன்று–பூஜ்யம். தோற்றது நாம்.

உன் புது ரூம்காரர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டு. விஜயகுமாருக்கு முதுகுவலியாம், விளையாடவில்லை. அந்த முதுகுக்கு வலி வரவேண்டியதுதான். பிரஜின் முழங்காலில் கட்டோடு இறங்கினான், பழைய ஓட்டம் இல்லை. என்றாலும் ஓடினான், கொடுத்தான், வாங்கினான். இடது பக்கத்துக் கொல்லத்துக்காரனுக்கு இத்தனை நாள் பந்தே கிடைக்காமல் எப்படி உதைப்பது என்பதே மறந்துவிட்டது, ஆளில்லாத போஸ்டுக்கு வெளியே அடித்தான். உடனே பிரஜினிடம் போய்த் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். பிரஜின் அவன் முதுகில் தட்டிக் கூட்டிக்கொண்டு போனான். கோல் விழவில்லை, ஆனால் இந்த சீசனில் முதல் தடவையாக அட்டாக் என்று ஒன்றைக் கண்டோம். நம் டிஃபென்ஸைப் பற்றிக் கேட்காதே, மூன்று பேரும் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி நின்றார்கள். சார், "தோத்தாலும் இன்னிக்கு ஆத்துல சாதம் எறங்கும்டீ" என்றார். தாசம்மாக்கா எனக்கு ஒரு கூம்பு கடலை சும்மா தந்தாள்.

இனி இருக்கிறதை உரக்கப் படிக்காதே.

இங்கே மணக்காடு முழுக்க ஒரே பேச்சு. 'சுஜா பிடிச்ச பிடியில நின்னு ஜெயிச்சிட்டா' என்கிறார்கள். அம்மாகூட இப்போது என்னிடம் கொஞ்சம் பயந்துதான் பேசுகிறாள். ஜெயித்தது நான்தானாம். கேட்கும்போதெல்லாம் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

காற்று நன்றாக வருகிறதாம்! எனக்கு என்ன, ஒன்றும் தெரியாது என்று நினைத்தாயா? கடைக்கு வருகிற கல்ஃப்காரன் வீட்டுப் பெண் ஒருத்தியிடம் உன் விலாசத்தைக் காட்டிக் கேட்டேன். "சைட் கேம்பா? தகரக் கொட்டகையாக்கும் அது. பகல் முழுக்க வெயில்ல கம்பி கட்டுத ஆளுகளுக்குள்ள எடம்" என்றாள். ஸ்டோரும் ஏ.சி.யும் போய்விட்டது, அப்படித்தானே? உன் நல்ல மனுஷன் உன்னை எங்கே தூக்கிப் போட்டிருக்கிறார் என்று நான் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது பார்.

இந்தக் கோலுக்குப் பேப்பரில் என் பெயர்தான் வரும் அண்ணா. ஆனால் பந்தைக் கொண்டுவந்தவன் நீ. கொடிக்கம்பத்துக்கு ஓட நான் விஜயகுமார் இல்லை. உள்ளதை உள்ளபடி எழுது. எத்தனை மணிக்கு வேலைக்கு இறக்குகிறார்கள், தலைக்குத் துணியாவது கட்டுகிறாயா, எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா, எல்லாம் எழுது. கஷ்டம் என்றால் திரும்பி வா. நான் கடையில்தானே நிற்கிறேன், அடுப்பு எரியும்.

உனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிகிறவரைக்கும் இந்த ஜெயத்துக்கு நான் எழுந்து நிற்கப் போவதில்லை.

சுஜா